ஏற்காட்டு ஏற்றத்துக்கு ஏற்ற எக்ஸாஸ்ட்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் நாலு பேரும் பெட்டிகளுமாக ஏறினால் வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர்தான், ஆர்.பி.எம். முள் பெரும்பாலும் 2000க்கும் 3500க்கும் இடையே நிற்கும். எக்ஸாஸ்டில் கை வைக்கும் முன் இதை மனதில் வையுங்கள். பெரிய பைப்பும் பெரிய சைலன்சரும் ஏதாவது தருகிறது என்றால் அது 5000 ஆர்.பி.எம்.முக்கு மேலேதான். மலையில் வேண்டியது 2500இல் கிடைக்கும் இழுவை. பல சமயம் முதலாவதை வாங்க இரண்டாவதை விற்க வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜினின் திருப்புவிசையான டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 2500 ஆர்.பி.எம்.மில் 100 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினிடம் அந்த நேரத்தில் இருப்பது 26 கிலோவாட், அதாவது சுமார் 35 குதிரைத்திறன். ஆர்.சி. புத்தகத்தில் 83 என்று போட்டிருந்தாலும் வளைவை விட்டு வெளியே வரும்போது உங்கள் கையில் 35தான். தப்பான பைப்பால் அங்கே 6 நியூட்டன் மீட்டர் போனால் இரண்டு குதிரைத்திறன் போச்சு. சமதளத்தில் தெரியாத அந்த இரண்டு, ஏறும்போது முதல் கியருக்கு இறங்க வைக்கும்.

பேக் பிரஷர் பற்றி

"கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் வண்டி இழுக்கும்" என்பது பட்டறைகளில் நிலைத்துவிட்ட பேச்சு. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. அது பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்கும் அழுத்தம், அவ்வளவுதான். தேவைப்படுவது புகையின் வேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. அதன் வாலில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வு, இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே இழுத்து, புதுக்காற்றையும் கூடவே உள்ளே இழுக்கும். பைப் அகலமாகிவிட்டால் குறைந்த ஆர்.பி.எம்.மில் வேகம் தளர்கிறது, புகை சீக்கிரம் குளிர்கிறது, இந்த உறிஞ்சல் கெடுகிறது. சைலன்சரைக் கழற்றிய வண்டி கீழே இழுக்காமல் போவதைப் பார்த்து "பேக் பிரஷர் போச்சு" என்கிறார்கள். போனது வேகம்.

இதை அளவில் பாருங்கள். 42 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பைப்பின் உள் பரப்பு சுமார் 1230 சதுர மில்லிமீட்டர். இரண்டு அங்குலப் பைப் போட்டால் 1850, ஒன்றரை மடங்கு. இரண்டரை அங்குலம் போட்டால் 2930, ஏறக்குறைய 2.4 மடங்கு. அதே புகை அந்தப் பைப்பில் பாதி வேகத்துக்கும் கீழே ஊர்ந்து போகும். 1.2 லிட்டர் காருக்கு இரண்டரை அங்குலம் போடச் சொல்பவர் உங்களுக்குச் சத்தத்தைத்தான் விற்கிறார்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு: 1.2 லிட்டர் வரை 42 முதல் 45 மில்லிமீட்டர் போதும், 1.5 லிட்டருக்கு 48 முதல் 51. கம்பெனிப் பைப்பை வெர்னியரால் பல இடத்தில் அளந்துவிட்டு, அதில் மிகக் குறுகலான இடத்தை மட்டும் சரிசெய்வது பைப் முழுவதையும் பெரிதாக்குவதைவிட நல்ல பலன் தரும். பழைய மாடல்களில் நசுங்கிய வளைவுகள்தான் அந்தக் குறுகல்.

முதலில் குறையைத் தேடுங்கள்

மேலே போகப் போக இழுவை குறைவது சைலன்சரின் குற்றம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் சக்தியை இழக்கும். எந்தச் சைலன்சரும் அதைத் திருப்பித் தராது. ஆனால் சேலத்துச் சமதளத்திலேயே வண்டி மந்தமாக இருந்தால் எக்ஸாஸ்டைச் சந்தேகிக்கலாம். ஓடித் தேய்ந்த காரில் மாடிஃபிகேஷனால் கிடைப்பதைவிட அடைப்பையும் கசிவையும் நீக்குவதால் கிடைப்பது அதிகம்.

கசிவு: இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடவிட்டு, தடிமனான துணியால் டெயில் பைப்பைச் சில நொடி அமுக்கச் சொல்லுங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். முன்பக்கம் "புஸ்" சத்தம் கேட்கும் இடம்தான் கசிவு. மேனிஃபோல்டு (இன்ஜினில் இருந்து புகையை வாங்கும் முதல் பாகம்) கேஸ்கட், வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பின் பின்னல், ஆக்சிஜன் சென்சாரின் அடி, ஃபிளேஞ்ச் இணைப்பு ஆகிய இடங்களில் கறுப்புப் புகைக்கறை தெரியும். சந்தேகம் தீரவில்லையா? இன்ஜினை அணைத்து, டெயில் பைப்பில் புளோயரை வைத்து லேசாக ஊதி, இணைப்புகளில் சோப்புத்தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கசிவு மிகவும் ஏமாற்றும். புகை வெளியே போவது மட்டுமல்ல. அழுத்தம் தாழும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு "கலவை மெலிந்துவிட்டது" என்று சொல்ல, இன்ஜினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் சரியும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், சிலசமயம் மெலிந்த கலவையைக் குறிக்கும் பி0171 பிழைக் கோடு வரும். இன்ஜெக்டரை மாற்றி, ஏர்ஃப்ளோ சென்சாரை மாற்றிப் பணத்தைக் கரைத்தபின் கடைசியில் ஒரு கேஸ்கட்டில் முடியும் வேலை இது.

அடைப்பு: முதல் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் போடுங்கள். மரை பெரும்பாலும் எம்18, பிட்ச் 1.5. கேஜ் 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாக இருக்கட்டும். டயர் கேஜால் இது தெரியாது. இன்ஜின் சூடானபின் ஐடிலில் 1.5 பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2500 ஆர்.பி.எம்.மில் நிலையாகப் பிடித்தால் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருக்க வேண்டும். தாண்டினால் அடைப்பு உண்டு. எங்கே என்று பார்க்க, புகையின் நச்சைக் குறைக்கும் டப்பாவான கேட்கானுக்கு (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) பின்னால் உள்ள ஃபிளேஞ்சைத் தளர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் குற்றவாளி சைலன்சர் அல்லது அதன் உள்தடுப்பு. விழவில்லை என்றால் கேட்கான்.

கேட்கான் தானாகக் கெடுவது குறைவு. மிஸ்ஃபயரால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகி ஒட்டியிருக்கும். இல்லையென்றால் ஆயில் எரியும் இன்ஜின் அதை மூடியிருக்கும். காயிலையும் பிளக்கையும் சரிசெய்யாமல் புதுக் கேட்கான் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

தொடக்கூடாதது

கேட்கானைக் கழற்றாதீர்கள். அதன் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்து வெற்று டப்பாவாகத் திரும்ப மாட்டுவது அதைவிட மோசம்: ஒடுக்கமான பைப்பில் ஓடிவந்த புகை திடீரென்று விரிந்த அறையில் வேகத்தை இழக்கிறது, டப்பா தகரம் போல அதிர்கிறது, கீழ் ஆர்.பி.எம். இழுவை போகிறது. கேட்கானுக்குப் பின்னால் உள்ள இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரால், கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடு வரும். அதை மறைக்கச் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் வைத்துத் தருவார்கள். டேஷ்போர்டில் எரியும் இன்ஜின் விளக்கு அணையும், புகை அப்படியேதான் இருக்கும். பி.யு.சி. சோதனையில் பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். கேட்கான் இல்லாமல் இந்த எல்லைக்குள் நிற்பது கடினம். இன்னொன்று: பழைய கேட்கானுக்கு நல்ல காசு தருகிறேன் என்று ஒரு பட்டறை சொன்னால், அதில் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருப்பது அவருக்குத் தெரியும் என்று பொருள்.

டீசல் காரில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். கதையும் இதேதான். சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் ஓடும் பி.எஸ்.6 டீசலில் டி.பி.எஃப். அடைப்பது இயல்பு, கரியை எரிக்க அது சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். மஞ்சள் விளக்கு வந்தால் தொப்பூர்ப் பக்கமோ உளுந்தூர்ப்பேட்டைப் பக்கமோ நெடுஞ்சாலையில் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள கம்பெனி விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. சத்தம், புகை விதியை மீறினால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, கூடவே லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். ஆகவே கேட்கானுக்குப் பின்னால், கம்பெனி சத்த அளவுக்குள், கம்பெனி தரத்துக்கு நிகரான பாகங்களால் செய்யும் வேலையைப் பற்றி மட்டுமே இனி பேசுகிறோம்.

ஹெட்டர் (மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் பைப் தொகுதி) மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போதைய பல சின்ன இன்ஜின்களில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டிலேயே வார்க்கப்பட்டு, கேட்கான் அதை ஒட்டியே இருக்கிறது. மாற்ற இடமே இல்லை. தனி மேனிஃபோல்டு உள்ள பழைய நாலு சிலிண்டர் காரில், நாலு பைப் இரண்டாகி ஒன்றாகும் அமைப்பு நடு ஆர்.பி.எம்.முக்கு உதவும், நாலும் நேரே ஒன்றில் சேர்வது மேல் ஆர்.பி.எம்.முக்கு. மலைக்கு முதலாவது. அதுவும் கேட்கானும் சென்சார்களும் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும்.

டர்போ பெட்ரோலில் விதி கொஞ்சம் மாறுகிறது. டர்பைன் அழுத்த அலைகளைப் பெருமளவு மழுக்கிவிடுவதால், அதற்குப் பின்னால் எதிர்ப்பு குறையக் குறைய நல்லது, 1.0 லிட்டர் டர்போவுக்கு 51 மில்லிமீட்டர் பைப் கெடுதல் செய்யாது. ஆனால் பூஸ்ட்டை இ.சி.யு. ஒரு இலக்கு வைத்துக் கட்டுப்படுத்துவதால், இ.சி.யு.வின் கம்பெனி அமைப்பில் உச்ச சக்தி பெரிதாக அதிகரிக்காது. மலைக்கு டர்போ கார் வசதியாக இருப்பதற்குக் காரணம் சைலன்சர் அல்ல; மெல்லிய காற்றையும் அமுக்கித் தருவதுதான்.

பைப், வளைவு, வெல்டிங்

சேலத்தில் ஸ்டெயின்லெஸ் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ் செய்யும் இரும்பாலை இருக்கும் ஊர். ஆனாலும் பைப் வாங்கும்போது பலர் ஏமாறுவது காந்தச் சோதனையில். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்ற நல்ல ரகம் என்று நம்பிவிடுகிறார்கள். மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாது. 304இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202இல் நிக்கல் குறைத்து மாங்கனீஸ் ஏற்றியிருப்பார்கள், துருவைத் தாங்குவதும் குறைவு. மில் சான்றிதழ் கேளுங்கள், அல்லது மாங்கனீஸைக் காட்டும் கெமிக்கல் சொட்டு வைத்துப் பாருங்கள். மறுபக்கம், கம்பெனி எக்ஸாஸ்டில் காந்தம் ஒட்டுகிறது என்று அதை மட்டமாக எண்ண வேண்டாம். அது 409 வகை, சூட்டுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. மைல்ட் ஸ்டீல் பைப் விலை குறைவுதான், ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது. குளிர்காலத்தில் ஏற்காட்டுக்குள்ளேயே கடைவீதிக்கும் வீட்டுக்கும் ஓடும் காரில் அது பைப்பிலேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். சைலன்சரின் அடியில் இருக்கும் சின்னத் துளை அதற்கான வடிகால். ஓட்டை என்று நினைத்து வெல்டு வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கனம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர். வளைவுகள் மாண்ட்ரல் வளைவாக, உள்ளே நசுங்காமல் இருக்க வேண்டும். பிரஸ் வளைவில் 51 மில்லிமீட்டர் பைப் வாங்கினாலும் ஒவ்வொரு வளைவிலும் அது குறுகிவிடும். அதற்குப் பதில் நல்ல வளைவுள்ள 45 மில்லிமீட்டர் மேல்.

ஆர்கான் வெல்டிங்கில் 304ஐ 304உடன் சேர்க்க 308எல் கம்பி. கம்பெனி 409 பைப்புடனோ மைல்ட் ஸ்டீலுடனோ சேர்க்க 309எல். பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெல்டின் உள்பக்கம் கறுத்துச் சொரசொரப்பாகி அங்கிருந்தே விரியும். வண்டியில் வைத்தே டேக் (அசையாமல் பிடிக்கும் புள்ளி வெல்டு) அடிப்பதானால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சென்சார் இணைப்புகளையும் பிரித்து, எர்த் கிளாம்பை வெல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். முழு வெல்டை மேசையில் செய்யுங்கள்.

304 சூட்டில் அதிகமாக நீளும்: மூன்று மீட்டர் பைப் சராசரி 300 டிகிரி ஏறினால் சுமார் 15 மில்லிமீட்டர். ஃபிளெக்ஸ் பைப்பை "தேவையில்லை" என்று வெட்டிவிட்டு இறுக்கமாகப் பொருத்தினால் அந்த நீளம் மேனிஃபோல்டையும் ஹேங்கரையும் இழுக்கும். இன்ஜின் மவுண்ட்டில் ஆடும், பாடி ஆடாது. நடுவே ஃபிளெக்ஸ் இருந்தே ஆக வேண்டும்.

ரெசனேட்டரை ஏன் வெட்டக்கூடாது

நடுவில் இருக்கும் சின்ன டப்பாதான் ரெசனேட்டர். அதை எடுத்தால் சக்தி கூடுவது தெரியாது. காதில் மட்டும் தெரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் 2500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு சுமார் 83 முறை எரிகிறது, மூன்று சிலிண்டர் 62 முறை. அந்த ஆழமான ஒலி கேபினுக்குள் குமுறும். 20 வளைவும் ஏறி முடிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். பக்கக் கிளைப் பைப் வைத்து 83 ஹெர்ட்ஸை அடக்க வேண்டுமென்றால் சூடான புகையில் அந்தக் கிளை கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம் வேண்டும். காருக்கு அடியில் எங்கே வைப்பது? கம்பெனி டப்பாவையே வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்திருந்தால் அதே கொள்ளளவில் நேர்த்துளைக் குழல் வகை மாற்று போடுங்கள்.

பொருத்தும் முறை

முதல்நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் ஆயில் விடுங்கள். ஜாக் மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு நாலு வேண்டும். ஹேங்கர் ரப்பர்களைச் சோப்புத்தண்ணீர் தடவிக் கழற்றுங்கள், விரிசல் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். புது கேஸ்கட், புது நட்டு. எல்லா இணைப்பையும் முதலில் கையால் தளர்வாகப் போட்டு, பைப் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தொங்குகிறதா என்று பார்த்து, முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், ஸ்டெப்னி குழி ஆகியவற்றில் இருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கழற்றிய ஹீட் ஷீல்டைத் திரும்ப மாட்டுங்கள். ஆக்சிஜன் சென்சாரை 40 முதல் 50 நியூட்டன் மீட்டரில் இறுக்கலாம். பழைய சென்சாரானால் மரையில் மட்டும் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை), முனையில் ஒரு துளி படக்கூடாது.

டெயில் பைப் பம்பரைத் தாண்டி வெளியே வர வேண்டும். அழகுக்காகக் காருக்கு அடியிலேயே வெட்டி முடித்தால் மெதுவாக ஏறும்போது புகை டிக்கி ரப்பர் வழியே கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு முதலில் ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

பொருத்தியபின் ஐடிலில் கசிவு பாருங்கள், நன்றாகச் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இ.சி.யு.வைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (பெட்ரோலை இ.சி.யு. எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது) மாற்றத்துக்கு முன் என்ன, பின் என்ன என்று எழுதிவையுங்கள். 5 சதவீதத்துக்குள் நல்லது; 10ஐத் தாண்டினால் கசிவோ சென்சார் பிரச்னையோ உண்டு. இழுவையைக் காதால் மதிப்பிடாதீர்கள், சத்தம் கூடினாலே வேகம் கூடியதாகத் தோன்றும். ஆளில்லாத சமதளச் சாலையில், மூன்றாம் கியரில் 1500இல் இருந்து 3500 ஆர்.பி.எம். வர எத்தனை நொடி என்பதை இரு திசையிலும் பதிவு செய்து, அதே பெட்ரோல், அதே டயர் காற்று, அதே ஆட்களோடு முன்பின் ஒப்பிடுங்கள். நொடி கூடியிருந்தால், மேலே என்ன கிடைத்திருந்தாலும், அந்த எக்ஸாஸ்ட் ஏற்காட்டுக்கு ஆகாது.

பிப்ரவரி முதல் மே வரை மலையில் காய்ந்த புல்லின் மேலும் சில்வர் ஓக் சருகின் மேலும் வண்டியை நிறுத்தாதீர்கள். ஏறி வந்த கேட்கான் பல நூறு டிகிரியில் இருக்கும், சேர்வராயன் மலையில் காட்டுத்தீக்கு அது போதும். 500 கிலோமீட்டரில் ஹேங்கரையும் ஃபிளேஞ்சையும் ஒருமுறை பார்த்து, பி.யு.சி. எடுத்துவிடுங்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரை எடைக்குப் போடாமல் ஆயில் தடவி, சாக்கில் கட்டி வையுங்கள், எஃப்.சி.க்கோ வண்டியை விற்கவோ போகும்போது அதுதான் திரும்ப ஏற வேண்டும்.